எட்டரையா, ஒன்பதே காலா? பழைய பிக்கப் வண்டிக்கு கிளட்ச் பார்த்து வாங்குவது எப்படி

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், ஒர்க்‌ஷாப் பயிற்றுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம். இறுதியில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் உள்ளன.)



நிகழ்ச்சி நிரலில் நாலாவதாக "பிக்கப் வண்டி பழுது" என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். பழுது என்னவென்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். நம் சங்கத்துப் பழைய மகிந்திரா ஜீப் பிக்கப்பில் கிளட்ச் வழுக்குகிறது. போன மாதம் ஆறு தண்ணீர் டிரம்மோடு ஏரிக்கரை ஏற்றத்தில் ஏறும்போது இன்ஜின் கத்தியது, வண்டி ஏறவில்லை. பின்பக்கமாக நாலைந்து அடி உருண்டு வந்துதான் நின்றது. பின்னால் யாரும் இல்லாதது நம் அதிர்ஷ்டம். அந்த ஏற்றத்தில்தான் காலையில் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். ஆகவே இதைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்க முடியாது.

செயற்குழுவிடம் இரண்டு மதிப்பீடுகள் இருக்கின்றன. ஒருவர், "இப்போது இருக்கிற எட்டரை அங்குல அளவிலேயே புது செட் போடலாம்" என்கிறார். இன்னொருவர், "எட்டரை பத்தாது. ஒன்பதே கால் அங்குலம் போடுங்கள், அதற்கு ஃபிளைவீலையும் மாற்றுங்கள், ஆயுசுக்கும் கவலையில்லை" என்கிறார். இரண்டாவது செலவு முதலாவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். "பெரிசாவே போட்டுடலாமே" என்று உறுப்பினர்கள் சிலர் சொல்வதும் என் காதில் விழுந்தது. எது சரி என்று பார்த்துச் சொல்லும்படி தலைவர் என்னிடம் கேட்டார். நம் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் இப்படிப்பட்ட பழைய வண்டிகளை வீட்டிலும் கொல்லையிலும் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் பயன்படட்டும் என்று கொஞ்சம் விளக்கமாகவே பேசுகிறேன்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளட்ச் எத்தனை அங்குலம் என்பது நாம் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் உண்டு. உள்ளே இருப்பது எந்த இன்ஜின்? அதன் ஃபிளைவீல் எந்த அளவுக்குத் துளை போட்டது? இப்போது ஏன் வழுக்குகிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அளவு தானாகவே தெரிந்துவிடும்.

கிளட்ச் என்ன வேலை செய்கிறது?

இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, சக்கரம் நிற்கிறது. ஓடுவதையும் நிற்பதையும் அடிபடாமல் சேர்த்து வைப்பதுதான் கிளட்ச். ஒரு பக்கம் இன்ஜினின் ஃபிளைவீல், மறுபக்கம் ஸ்பிரிங் வைத்த பிரஷர் பிளேட், நடுவில் இரண்டு முகத்திலும் லைனிங் ஒட்டிய கிளட்ச் பிளேட். பெடலை விட்டால் ஸ்பிரிங் அழுத்தத்தில் மூன்றும் ஒன்றாகச் சுற்றும். மிதித்தால் பிரியும்.

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது புதிதல்ல. கயிற்றை இறுக்கிப் பிடித்தால் வாளி மேலே வரும். பிடி தளர்ந்தால் கயிறு வழுக்கும், உள்ளங்கை எரியும். கிளட்சிலும் அதே இரண்டு விஷயங்கள்தான்: ஒன்று பிடி, மற்றொன்று சூடு. அளவு பெரிதானால் இந்த இரண்டும் ஒரே மாதிரி கூடுவதில்லை. இங்கேதான் பலருக்குக் குழப்பம் வருகிறது.

பிடி நான்கு விஷயங்களைப் பொறுத்தது. லைனிங்கின் உராய்வு, ஸ்பிரிங்கின் அழுத்தம், லைனிங் மையத்திலிருந்து சராசரியாக எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது, பிடிக்கும் முகங்கள் எத்தனை என்பது. நம் பிளேட்டுக்கு முகம் இரண்டு. திருகைக் கல்லில் பிடி மையத்தை விட்டுத் தள்ளி இருந்தால் சுற்றுவது சுலபம் அல்லவா, அதுபோலத்தான் தூரமும். இந்த நான்கையும் பெருக்கினால் கிளட்ச் எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும் என்று கிடைத்துவிடும்.

நம் வண்டியை வைத்தே ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உள்ளே இருப்பது ஹரிக்கேன் எஃப்-134 பெட்ரோல் இன்ஜின். நான்கு சிலிண்டர், சுமார் 2200 சி.சி. இதன் உச்ச முறுக்கு விசை ஏறக்குறைய 15.8 கிலோகிராம்-மீட்டர். எட்டரை அங்குலம் என்றால் 216 மி.மீ. லைனிங்கின் உள்விட்டம் 146 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் சராசரித் தூரம் 9.05 செ.மீ. உராய்வு 0.3, ஸ்பிரிங் அழுத்தம் 460 கிலோ என்று கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 25 கிலோகிராம்-மீட்டர் வருகிறது. இன்ஜின் கொடுப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். சுமை வண்டிக்கு வேண்டிய கையிருப்பு அது.

இப்போது ஒன்பதே கால் அங்குலம், அதாவது 235 மி.மீ. உள்விட்டம் 155 மி.மீ. என்று கொள்வோம், ஸ்பிரிங் அதே 460 கிலோ. விடை ஏறக்குறைய 27. கூடியது நூற்றுக்கு எட்டு, அவ்வளவுதான். செலவு இரட்டிப்பு, பிடியில் லாபம் எட்டு சதவீதம்!

ஆனால் லைனிங்கின் பரப்பைப் பாருங்கள். சின்னதில் ஒரு முகத்துக்கு சுமார் 199 சதுர செ.மீ. பெரியதில் 245. இது 23 சதவீதம் கூடுதல். சூட்டைத் தாங்குவதற்கும் தேய்மானம் குறைவதற்கும் இந்தப் பரப்பு உதவும். ஆகவே பெரிய பிளேட்டின் உண்மையான லாபம் ஆயுள்தான். எப்போதும் முழுச் சுமையோடு ஓடும் வண்டிக்கு அது நல்ல காரணம். வாரத்துக்கு இரண்டு நாள் ஓடும் வண்டிக்கு அது அவசியமா என்று நாம் யோசிக்க வேண்டும்.

முதல் கேள்வி: உள்ளே இருப்பது எந்த இன்ஜின்?

மகிந்திரா நிறுவனம் 1945-ல் தொடங்கியது. 1947-ல் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு படிப்படியாக இங்கேயே தயாரித்தார்கள். பல பத்தாண்டுகள் ஓடிய குடும்பம் அது. அதில் பெட்ரோல் இன்ஜினும் வந்தது. பி-275 டிராக்டர் இன்ஜினின் வழியில் வந்த டீசலும் வந்தது. பெஜோ நிறுவனத்தின் 2112 சி.சி. எக்ஸ்.டி.பி. டீசலும் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே முகம், ஏழு இடுக்கு கிரில். உள்ளே ஃபிளைவீல் வேறு, கிளட்ச் வேறு.

அது போதாதென்று, டீசல் விலை மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசலை இறக்கிய வண்டிகள் நம் பக்கம் ஏராளம். ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல், பானெட்டைத் திறந்தால் டீசல்! இன்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அதைச் செய்யாதவர்கள் எஃப்.சி.க்குப் போகும்போது சிக்கிக்கொள்வார்கள். கிளட்ச் வாங்கும்போதும் சிக்கல்தான். கடையில் "ஜீப் பிக்கப், எழுபதாம் வருஷ மாடல்" என்று சொன்னால் அவர் பெட்ரோல் வண்டிக்கானதை எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து பார்த்தால் உட்காராது.

ஆகவே வண்டியின் பெயரையோ வருஷத்தையோ சொல்லி கிளட்ச் வாங்காதீர்கள். பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரும் பிளக்கும் இருக்கிறதா, இன்ஜெக்‌ஷன் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் நம்பரைத் துடைத்துப் படித்து ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். நம் வண்டியில் இரண்டும் ஒத்துப்போகின்றன. இன்ஜின் மாறவில்லை.

இரண்டாவது கேள்வி: ஃபிளைவீல் என்ன சொல்கிறது?

கிளட்ச் அளவைத் தீர்மானிப்பது ஃபிளைவீல்தான். பிரஷர் பிளேட்டின் கவர் ஃபிளைவீலில் போல்ட்டால் மாட்டப்படுகிறது. எட்டரைக்கு ஒரு துளை வட்டம், ஒன்பதே காலுக்கு வேறொரு வட்டம். சில ஃபிளைவீலில் இரண்டுக்கும் துளை இருக்கும். அப்படி இருந்தால் பெரியதைத் தாராளமாகப் போடலாம். ஒன்றுக்கு மட்டும் துளை இருந்தால் அந்த ஒன்றுதான் நமக்கு. "லேத்தில் கொடுத்துப் புதுத் துளை போட்டுக்கலாம்" என்பார்கள். நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்று சுற்றுகிற இரும்பு அது. துளை ஒரு நூல் நகர்ந்தாலும் பேலன்ஸ் போய்விடும், அந்த அதிர்வு கிராங்கைத் தின்னும். அந்த வேலையே வேண்டாம்.

வில்லிஸ் வரிசையில் ஃபிளைவீல் ரிங் கியரிலேயே 97 பல், 124 பல், 129 பல் என்று காலத்துக்குக் காலம் வித்தியாசம் உண்டு. அதற்கேற்ப ஸ்டார்ட்டர் மோட்டாரும் பெல் ஹவுசிங்கும் மாறும். ஆகவே வேறொரு ஃபிளைவீலை வாங்கி மாட்டிவிடலாம் என்று கிளம்பினால் அது ஒன்றோடு நிற்காது, ஒன்று தொட்டு ஒன்பது வரும்.

கியர் பாக்ஸ் பக்கத்திலும் ஒன்று பார்க்க வேண்டும். நம் வண்டியில் இருப்பது டி-90 மூன்று கியர் பாக்ஸ். அதன் உள்ளீட்டு ஷாஃப்டில் பத்துப் பல் ஸ்ப்ளைன், விட்டம் ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது சுமார் 28.6 மி.மீ. பிளேட்டின் வெளி அளவு சரியாக இருந்தும் நடு ஓட்டை வேறாக இருந்தால் பயனில்லை. புது பிளேட்டைக் கையில் எடுத்து, கழற்றிய கியர் பாக்ஸ் ஷாஃப்டில் நுழைத்துப் பாருங்கள். இறுக்கமும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் சரளமாக ஓட வேண்டும். இதைச் செய்ய ஒரு நிமிஷம் ஆகாது. செய்யாமல் விட்டால் கியர் பாக்ஸை இன்னொரு தடவை இறக்க வேண்டி வரும்.

மூன்றாவதாக பிரஷர் பிளேட்டின் வகை. பழையது காயில் ஸ்பிரிங்கும் மூன்று லீவரும் வைத்தது. இப்போது அதே அளவில் டயாஃப்ரம் வகையும் கிடைக்கிறது. காயில் ஸ்பிரிங்கில் லைனிங் தேயத் தேய அழுத்தம் குறையும். டயாஃப்ரத்தில் அப்படி எளிதில் குறையாது, பெடலும் லேசாக இருக்கும். ஆனால் ரிலீஸ் பேரிங் தொடும் இடத்தின் உயரம் இரண்டிலும் ஒன்றல்ல. அந்த உயரத்தைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மாட்டினால், பெடலை முழுசாக மிதித்தாலும் கிளட்ச் பிரியாது. வழுக்கும் கிளட்சைவிடப் பிரியாத கிளட்ச் ஆபத்தானது. கூட்டத்துக்கு நடுவில் வண்டியை நிறுத்த நினைக்கும்போது அது முன்னால் தள்ளிக்கொண்டு போகும்.

மூன்றாவது கேள்வி: ஏன் வழுக்குகிறது?

போன வாரம் மெக்கானிக் தம்பியும் நானும் டிரைவரும் சேர்ந்து கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தோம். கண்டதைச் சொல்கிறேன்.

பிளேட் எட்டரை அங்குலம். ஃபிளைவீலில் எட்டரைக்கு மட்டுமே துளை. லைனிங் தேய்ந்திருக்கிறது, ஆனால் ரிவெட் தலை இன்னும் வெளியே வரவில்லை. அப்படியானால் ஏன் வழுக்கியது? லைனிங்கின் ஃபிளைவீல் பக்க முகம் முழுக்க ஆயில். கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் கசிந்து உள்ளே வந்திருக்கிறது. பெல் ஹவுசிங்கின் அடியில் ஆயில் வடிவதற்கு ஒரு துளை உண்டு. அது சேறு அடைத்துக் கிடந்தது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை உங்களுக்கு மறந்திருக்காது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்போது பால் பாக்கெட்டும் குடிதண்ணீரும் ஏற்றிக்கொண்டு இந்த வண்டிதான் முழங்கால் தண்ணீரில் தெருத் தெருவாகப் போனது. அப்போது புகுந்த சேறாகத்தான் இருக்க வேண்டும். வடிய வழியில்லாத ஆயில் உள்ளேயே தேங்கி, சுற்றி அடித்து, லைனிங்கில் ஏறியிருக்கிறது.

இன்னொன்று, பெடலில் ஃப்ரீ பிளே சுத்தமாக இல்லை. பெடலைக் கையால் அழுத்தினால் எதிர்ப்பு தெரிவதற்கு முன் சுமார் ஒரு அங்குலம் சும்மா போக வேண்டும். லைனிங் தேயும்போது இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அவ்வப்போது அட்ஜஸ்ட் செய்யாவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் லீவரை அழுத்திக்கொண்டே இருக்கும். டிரைவர் பெடலில் பாதிக் கால் வைத்தபடியே ஓட்டுவதற்குச் சமம் அது.

இப்போது நம் கணக்குக்கு மறுபடி வருவோம். ஆயில் பட்ட லைனிங்கின் உராய்வு 0.3-லிருந்து 0.1-க்கு விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டரை அங்குல கிளட்ச் தாங்குவது 25-லிருந்து சுமார் 8-க்கு இறங்கும். இன்ஜின் கொடுப்பதோ கிட்டத்தட்ட 16. எப்படி ஏற்றம் ஏறும்? அதே ஆயில் ஒன்பதே கால் பிளேட்டில் பட்டால்? 9 கிடைக்கும். அதுவும் ஏறாது. மதிப்பீட்டில் ஆயில் சீலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சீலை மாற்றாமல் பெரிய கிளட்ச் போட்டிருந்தால், புது பிளேட்டும் சில மாதத்தில் அதே ஏரிக்கரையில் வழுக்கியிருக்கும்.

ஓட்டும் முறையும் ஒரு காரணம்

டிரைவர் தம்பி இங்கே இருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, இந்த வண்டி ஓட்டும் எல்லோரும் செய்வதுதான். டி-90 கியர் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி லேசாக உருளும்போது முதல் கியர் போட்டால் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து எல்லோரும் இரண்டாவது கியரிலேயே வண்டியை எடுத்துப் பழகிவிடுகிறார்கள்.

முதல் கியர் விகிதம் 2.8, இரண்டாவது 1.55. இரண்டாவதில் எடுத்தால், கிளட்ச் முழுசாகப் பிடிப்பதற்கு முன் வண்டி 1.8 மடங்கு வேகத்துக்கு வந்தாக வேண்டும். அதுவரை வழுக்க வேண்டும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப சூடு கூடும். சமதரையிலேயே கிளட்சில் மூன்று மடங்குக்கு மேல் சூடு. பிளேட்டைப் பெரிதாக்கி 23 சதவீதப் பரப்பு வாங்குகிறோம். முதல் கியரில் எடுத்தால் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு காசில்லாமலே குறைகிறது. எது லாபம் என்று நீங்களே பாருங்கள்.

இன்னொரு வசதியையும் நாம் தொடுவதே இல்லை. நம் வண்டி ஃபோர் வீல். டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ ரேஞ்ச் விகிதம் 2.46. ஏரிக்கரைச் சேற்றிலோ உழவு நிலத்திலோ சுமையோடு எடுக்கும்போது லோ போட்டால் கிளட்சில் எழும் சூடு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் இந்த வண்டியில் லோ போட வேண்டுமானால் முன் அச்சையும் சேர்த்தாக வேண்டும். எனவே சேறு, மணல், மண் பாதையில் மட்டும் போடுங்கள். தார் ரோட்டில், அதுவும் திண்டிவனம்–புதுச்சேரி சாலை மாதிரி இடத்தில் போட்டு வண்டியைத் திருப்பினால் அச்சும் கியரும் முறுக்கிக்கொள்ளும்.

என் பரிந்துரை

ஒன்று, எட்டரை அங்குலமே போதும். ஃபிளைவீல் மாற்ற வேண்டாம். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் புஷ் நான்கும் புதிது. பிரஷர் பிளேட்டைப் பழைய மூன்று லீவர் வகையிலேயே வாங்கலாம்.

இரண்டு, கிராங்க் பின் சீலைக் கட்டாயம் மாற்ற வேண்டும். கியர் பாக்ஸ் முன் பக்கம் கசிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். வடிகால் துளையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

மூன்று, ஃபிளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த சூட்டுத் தடம் இருக்கிறது. லேத்தில் லேசாக ஒரு கட் எடுத்தால் போதும். முடி போன்ற வெடிப்பு தெரிந்தால் மட்டும் வேறு பார்க்க வேண்டும். நம்முடையதில் வெடிப்பு இல்லை.

நான்கு, இன்ஜின் மவுண்ட் ரப்பர்கள் தொய்ந்துவிட்டன. கிளட்ச் இணைப்புத் தண்டு ஒரு முனையில் சேசிஸையும் மறுமுனையில் இன்ஜினையும் பிடித்திருக்கிறது. இன்ஜின் ஆடினால் பெடல் அளவும் ஆடும். அந்த ரப்பரையும் மாற்ற வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்தாலும் பெரிய கிளட்ச் மதிப்பீட்டில் பாதியைத் தாண்டாது. மீதிப் பணத்தில் பிரேக் வேலையைப் பார்க்கலாம். ஏரிக்கரையில் வண்டி பின்னால் உருண்டபோது உடனே நிற்காததற்கு கிளட்ச் காரணமில்லை, ஹேண்ட் பிரேக் பிடிக்காததுதான் காரணம். அதைச் சரி செய்யும்வரை சுமையோடு ஏற்றத்துக்கு வண்டியை அனுப்பக் கூடாது என்று இந்தக் கூட்டமே தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய லைனிங்கைக் கையாளும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பெல் ஹவுசிங்கில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தூளை ஏர் அடித்து ஊதுவது ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ஊதாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். மாஸ்க் போடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

கேள்வி நேரம்

"எங்கள் வீட்டில் இருப்பதும் ஜீப் பிக்கப்தான். ஆனால் டீசல் இறக்கியது. நாங்கள் எதைப் போடுவது ஐயா?"

உங்களுக்கு எட்டரை, ஒன்பதே கால் என்ற பேச்சே வேண்டாம். இறக்கிய டீசல் எந்தக் கம்பெனியுடையதோ, அதனோடு வந்த ஃபிளைவீலுக்கு உரிய பிரஷர் பிளேட்டைப் போடுங்கள். பிளேட்டின் வெளி அளவு இன்ஜினைப் பார்த்து, நடு ஸ்ப்ளைன் உங்கள் கியர் பாக்ஸைப் பார்த்து. இரண்டும் சேர்ந்த பிளேட் கடையில் அப்படியே கிடைக்காவிட்டால், நடுக் குமிழை மட்டும் மாற்றி ரிவெட் அடித்துத் தரும் கிளட்ச் வேலைக்காரர்களிடம் கொடுக்கலாம். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். ஆர்.சி.யில் எரிபொருளை மாற்றிப் பதிந்தாயிற்றா என்பதையும் பாருங்கள்.

"பெரிய கிளட்ச் போட்டால் என்ன கெடுதல்? காசு மட்டும்தானே அதிகம்?"

காசு மட்டுமில்லை அம்மா. ஹெவி டூட்டி என்று விற்பதில் பெரும்பாலும் ஸ்பிரிங் கடினமாக இருக்கும். பெடல் கனக்கும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அந்த விசை கிராங்கை முன்னால் தள்ளும், அதைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் தேயும். பழைய இணைப்புத் தண்டுகள் வளையும். நம் டிரைவருக்கும் வயதாகிறது, முழங்கால் வலி இருக்கிறது. கனத்த பெடலை அவர் பாதிதான் மிதிப்பார். பாதி மிதித்தால் கியர் பல் உடையும். முழுச் சுமையோடு தினமும் ஓடும் வண்டி, ஃபிளைவீலில் இரண்டு துளை வட்டமும் இருக்கிறது என்றால் ஒன்பதே கால் நல்ல தேர்வு. நான் அதற்கு எதிரியில்லை.

"நம் வண்டிக்கு ஐம்பது வயது ஆகிவிட்டதே. விண்டேஜ் என்று பதிந்துவிடலாமா?"

2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். எண்ணில் "விஏ" எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட வேலைக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பது, எரிபொருள் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான். தண்ணீர் டிரம் ஏற்ற முடியாது. நமக்கு இது உழைக்கிற வண்டி. இப்போதைய பதிவையே உரிய காலத்தில் புதுப்பித்துக்கொண்டு ஓட்டுவதுதான் நமக்குப் பொருத்தம்.

"திரும்பவும் வழுக்க ஆரம்பித்தால் முன்கூட்டியே எப்படித் தெரியும்?"

இது டிரைவர் தம்பி கேட்ட கேள்வி, நல்ல கேள்வி. காலியான நேர் ரோட்டில், டாப் கியரில் நாற்பதில் போகும்போது ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சத்தம் கூடும் அளவுக்கு வேகமும் சேர்ந்து கூடினால் சரி. சத்தம் மட்டும் ஏறி வேகம் பின்தங்கினால் வழுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை பாருங்கள். அன்றைக்கே பெடல் ஃப்ரீ பிளேயையும் ஸ்கேல் வைத்து அளந்து வண்டி நோட்டில் எழுதுங்கள். பெல் ஹவுசிங் அடித்துளையை ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். ஆயில் சொட்டினால் உடனே செயலாளரிடம் சொல்லுங்கள்.

(உரைக்குப் பின், எட்டரை அங்குல கிளட்ச் செட், பின் ஆயில் சீல், இன்ஜின் மவுண்ட் ரப்பர், ஹேண்ட் பிரேக் வேலை ஆகியவற்றுக்குக் கூட்டம் ஒருமனதாக ஒப்புதல் அளித்தது. ஹேண்ட் பிரேக் சரியாகும்வரை சுமையோடு ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டியை எடுப்பதில்லை என்றும் தீர்மானிக்கப்பட்டது. கழற்றிய பழைய கிளட்ச் பிளேட், அடுத்த முறை அளவு ஒப்பிடுவதற்காக, உறையில் கட்டி எழுதி ஒட்டிச் சங்க அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. பிள்ளைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளவும்.)